கர்ணம் வீட்டுத் திண்ணையும் சீனப் பேரரசரின் பரீட்சைக்கூடமும்

1980-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. முதல்வர் எம்.ஜி.ஆர். கிராமங்களில் பகுதிநேரமாக வேலை பார்த்துவந்த கர்ணம், முன்சீப் பதவிகள் அந்தச் சட்டத்தோடு ஒழிந்தன. மாநிலம் முழுக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். அவர்கள் இடத்துக்கு முழுநேர கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நாம் வி.ஏ.ஓ என்று சொல்கிறோமே, அவர்தான். அவரை டி.என்.பி.எஸ்.சி தேர்வு வைத்து எடுப்பது என்று முடிவானது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துக் கரிசல் ஊர்களில் இது எத்தனை பெரிய மாற்றம் என்பதை அங்கே மானாவாரி வெள்ளாமை பார்த்தவர்கள் அறிவார்கள். ஆற்றுப் பாசனம் இல்லாத பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் உளுந்தும் பாசியும், கம்பும் சோளமும், பருத்தியும் மிளகாயும். மழை பொய்த்தால் நிவாரணம், பயிர்க் காப்பீடு. இரண்டுக்கும் முதலில் கேட்பது அடங்கல். இந்தக் காட்டில் இந்த வருஷம் இன்ன பயிர், இத்தனை ஏக்கர் என்று எழுதிவைக்கிற அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் சம்சாரியின் வருஷம் இருக்கிறது.

அந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன். வாரிசு இல்லையென்றால் அடுத்த பங்காளி. இதற்கு 1895-ல் போட்ட சென்னை மாகாணச் சட்டம் ஒன்றும் இருந்தது. கர்ணம் நல்லவராக இருந்தால் ஊருக்கு அதிர்ஷ்டம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். எதற்கு? அவர் மகன் நல்லவனாக இருக்கிறானா என்று பார்ப்பதற்கு!

1960-ல் உச்ச நீதிமன்றம், கிராமப் பதவியும் அரசுப் பதவிதான், பிறப்பைக் காட்டி அதைக் கேட்க முடியாது என்று ஆந்திர வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. பரம்பரை உரிமை சட்டப்படி அன்றே ஆட்டம் கண்டது. ஆனாலும் இருந்தவர்கள் இருந்தபடி இருந்தார்கள். 1980-ல்தான் அந்தக் கதவு முழுதாக மூடியது. வழக்குப் போட்டார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் சட்டம் செல்லும் என்றது.

இன்று கரிசல் காட்டில் யாருடைய மகனும் மகளும் வி.ஏ.ஓ ஆகலாம். பரீட்சை எழுதித் தேற வேண்டும், அவ்வளவுதான்.

'பதவியைப் பிறப்பை வைத்துக் கொடுக்காதே, பரீட்சை வைத்துக் கொடு' என்ற இந்த யோசனையை முதன்முதலில் ஒரு பெரிய நாடு முழுக்க நடத்திக் காட்டியவர்கள் யார்? வெள்ளைக்காரர்கள் என்றுதான் பலரும் நினைப்போம். அவர்களே கடன் வாங்கியவர்கள்தான். மூலக்கடை சீனாவில் இருக்கிறது.

பேரரசருக்கு ஏன் பரீட்சை தேவைப்பட்டது?

கி.மு 221-ல் சின் அரசர் சீனாவை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். நாட்டைப் பிடித்தாயிற்று, அதை நிர்வாகம் செய்ய ஆள் வேண்டுமே? பிரபுக் குடும்பங்களிடம் பதவியைக் கொடுத்தால், அவர்கள் நாளைக்குப் படை திரட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அடுத்து வந்த ஹான் அரசர்கள் கி.மு 124-ல் தலைநகரில் ஒரு கல்விச்சாலை தொடங்கி, கன்பூசியஸ் மரபு நூல்களைப் படித்தவர்களைப் பதவிக்கு எடுக்கத் தொடங்கினார்கள். அப்போதும் சிபாரிசுதான் பெரிய வழி.

கி.பி 6-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட சுய் அரசர்கள்தான் எழுத்துத் தேர்வை அரசு முறையாக்கினார்கள். அடுத்த தாங் வம்சக் காலத்தில், சீனாவைத் தன் பெயரிலேயே ஆண்ட ஒரே பேரரசி ஊ செதியான் அதை விரிவாக்கினார். பழைய பிரபுக் குடும்பங்கள் அவரை ஏற்கவில்லை. தனக்கு விசுவாசமான புது ஆட்கள் அவருக்கு வேண்டியிருந்தார்கள். ஆகவே, பரீட்சை வந்தது தர்ம சிந்தனையால் மட்டும் அல்ல. பெரிய வீடுகளின் பிடியிலிருந்து பதவியைப் பிடுங்க அரசருக்கு அது ஒரு கருவி. நோக்கம் எதுவாக இருந்தாலும், கதவு திறந்தது திறந்ததுதான்.

உண்மையான மாற்றம் 10-ம் நூற்றாண்டில் தொடங்கிய சொங் வம்சக் காலத்தில் நடந்தது. விடைத்தாளில் எழுதியவர் பெயர் தெரியாதபடி அதன்மேல் காகிதம் ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட்டால்? ஒவ்வொரு விடைத்தாளையும் எழுத்தர்களை வைத்துப் புதிதாகப் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். இன்று நம் விடைத்தாளில் பெயர் இல்லாமல் ரகசிய எண் போடுகிறார்களே, அந்த முறைக்கு ஆயிரம் வயது.

அதே காலத்தில்தான், 1015-ல், சோழ நாட்டுத் தூதுக்குழு சொங் பேரரசரின் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. காணிக்கைப் பொருட்களில் முத்து இருந்ததாகச் சீனப் பதிவுகள் சொல்கின்றன. சோழத் தூதர்களை வரவேற்று, பதிவேட்டில் எழுதி, பதில் பரிசு கொடுத்து அனுப்பிய அரண்மனையில், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இந்தப் பரீட்சை முறை அப்போதே நடந்துகொண்டிருந்தது.

மூன்று நாள், ஒரு பலகை

பிந்தைய மிங், சிங் வம்சக் காலங்களில் இது மூன்று படிக்கட்டுத் தேர்வாக இருந்தது. முதலில் மாவட்ட அளவு, பிறகு மாகாண அளவு, கடைசியில் தலைநகர். அதற்கும் மேலே அரண்மனைத் தேர்வு. நான்ஜிங் நகரிலிருந்த மாகாணத் தேர்வுக்கூடத்தில் மட்டும் 20,000-க்கும் அதிகமான சிற்றறைகள். ஒரு ஆள் உட்காரும் அளவுதான் இடம். சுவரில் சொருக இரண்டு பலகை. பகலில் ஒன்று ஆசனம், ஒன்று மேஜை. ராத்திரி இரண்டையும் சேர்த்துப் போட்டால் படுக்கை. ஒவ்வொரு சுற்றும் மூன்று நாள், மொத்தம் மூன்று சுற்று. சாப்பாடும் விளக்கும் போர்வையும் அவரவரே கொண்டுபோக வேண்டும். வாசலில் உடுப்பு முழுக்கச் சோதனை. ஏனென்றால் துணியின் உள்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் பாடம் எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட 'பிட்' சட்டைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இதைப் படித்துச் சிரிக்கும் முன் நம்மூர்க் கதையையும் நினைத்துக்கொள்ளலாம். 2019-ல் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறைந்துபோகும் மையால் விடை குறித்து, பின்னால் வேறு விடை நிரப்பிய மோசடி வெளிவந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. துணிக்குப் பதில் மை, அவ்வளவுதான் வித்தியாசம். பதவி பெரிதாக இருக்கும்வரை குறுக்குவழி தேடுகிறவர்களும் இருப்பார்கள். அதைத் தடுக்கும் வேலை ஆயிரம் வருஷமாக ஓயவில்லை.

தெற்கு, வடக்குச் சண்டை

பரீட்சை வைத்துவிட்டால் எல்லாருக்கும் சமநீதி கிடைத்துவிடுமா? இந்தக் கேள்வியையும் சீனா நமக்கு முன்பே சந்தித்தது.

1397-ல் தலைநகரத் தேர்வு முடிவு வந்தபோது, தேறிய ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட வடக்கத்தியர் இல்லை. அத்தனை பேரும் தெற்கு. தெற்கு செழிப்பான நெல் பூமி. பள்ளிக்கூடங்களும் புத்தகக் கடைகளும் பணக்கார வணிகர்களும் நிறைந்த பகுதி. வடக்கு, போரால் பல தலைமுறை நொந்த வறண்ட பூமி. வடக்கத்தியர்கள் கொதித்தார்கள். மிங் பேரரசர் மறுமதிப்பீடு செய்யச் சொன்னார். 'மதிப்பெண்படிதான் கொடுத்தோம்' என்று திரும்பவும் அதே முடிவு வந்தது. பேரரசருக்குக் கோபம் தலைக்கேறியது. தேர்வாளர்கள் சிலருக்கு மரண தண்டனை கொடுத்தார். மறுதேர்வு நடத்தி வடக்கத்தியர்களையே தேர்ந்தெடுத்தார்.

கொடூரமான தீர்வு. ஆனால் கேள்வி நியாயமானது. முப்பது வருஷம் கழித்து, 1427-ல், ஆத்திரம் அடங்கி ஓர் ஒழுங்கு வந்தது. நூறு இடம் என்றால் தெற்குக்கு 55, வடக்குக்கு 35, இடைப்பட்ட பகுதிக்கு 10. அதாவது, இடஒதுக்கீடு! 'தகுதி' என்று ஒன்றைத் தனியாகத் தராசில் நிறுக்க முடியாது, அது எந்த மண்ணில் விளைந்தது என்றும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பேரரசு ஒப்புக்கொண்டது. சட்டத்தில் இதை எழுதிவைத்தபோது நம் நாட்டில் விஜயநகர ஆட்சி.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் பாயும் ஊரும், மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊரும் ஒரே கோட்டில் நின்று ஓட ஆரம்பிப்பதில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பிள்ளையும், நகரத்தில் இரண்டு தலைமுறையாக அரசு உத்தியோகத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரே இடத்திலிருந்து வரவில்லை.

மந்திரி போய் மாண்டரின் ஆன கதை

சீனப் பரீட்சை வெள்ளைக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது? 16-ம் நூற்றாண்டிலிருந்து அங்கே போன பாதிரியார்களும் வணிகர்களும் ஐரோப்பாவுக்கு வியப்போடு எழுதினார்கள். பிறப்பைப் பார்க்காமல் படிப்பைப் பார்த்துப் பதவி கொடுக்கிற நாடு என்று பிரான்ஸ் நாட்டுச் சிந்தனையாளர் வால்டேர் உட்படப் பலர் புகழ்ந்தார்கள்.

அந்தச் சீன அதிகாரிகளை அவர்கள் அழைத்த பெயர் 'மாண்டரின்'. அது சீனச் சொல்லே அல்ல. நம்மூரில் வழங்கும் 'மந்திரி'தான். சமஸ்கிருதத்திலிருந்து மலாய் மொழிக்குப் போய் 'மெந்தெரி' ஆகி, மலாக்காவில் போர்ச்சுகீசியர் காதில் விழுந்து 'மண்டரிம்' ஆகி, ஆங்கிலத்தில் மாண்டரின் ஆனது. இன்றும் லண்டனில் செல்வாக்கான அரசுச் செயலாளர்களை மாண்டரின் என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனியில் அப்போது எல்லாமே சிபாரிசு. இயக்குநர்கள் தங்கள் அண்ணன் மகன், தங்கை மகன் என்று பெயர் கொடுப்பார்கள். 1806-ல் தொடங்கிய கல்லூரி ஒன்றில் அந்தப் பையன்கள் படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்து ஜில்லாக்களை ஆள்வார்கள். சீனாவில் துபாஷியாக வேலை பார்த்த தாமஸ் டெய்லர் மெடோஸ் என்ற ஆங்கிலேயர் 1847-ல் ஒரு புத்தகம் எழுதினார். சீனப் பேரரசு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணமே இந்தத் தேர்வுமுறைதான், பிரிட்டனும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது அவர் வாதம். 1853-ல் கம்பெனிக்கான புதிய சாசனச் சட்டம் சிபாரிசை நிறுத்தியது. மெக்காலே தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. 1855-ல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. 'இது சீனாக்காரன் முறை' என்று எதிர்ப்பாளர்கள் அப்போது கேலி செய்தார்கள். கேலியிலேயே உண்மை இருந்தது.

பிற்காலத்தில் ஐ.சி.எஸ் என்று பேர் பெற்ற தேர்வு இதுதான். ஆனால், அதன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று தெரியும். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. தேர்வு நடக்கும் இடமோ லண்டன். கப்பலேறிப் போய் எழுதி முதலில் தேறிய இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர், 1863-ல். இந்தியாவிலும் தேர்வு நடத்துங்கள் என்று காங்கிரஸ் பல வருஷம் கேட்ட பிறகு, 1922-ல்தான் அது நடந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் முதலான மொழிகளில் ஆட்சிப்பணித் தேர்வை எழுதலாம் என்று வந்ததோ 1979-ல்.

மெட்ராஸ் மாகாணத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1929-ல், இந்தியாவிலேயே முதலாவதாக, மாகாண அளவில் தேர்வாணையம் அமைத்தது இங்கேதான். அதன் தொடர்ச்சிதான் இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதற்கு முன்பே, 1920-களில், நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி அரசாணைகள் வந்துவிட்டன. சீனா 1427-ல் கண்டுபிடித்த பாடத்தைச் சென்னை தன் வழியில் கண்டுபிடித்தது. பரீட்சை மட்டும் போதாது, யார் யாருக்கு வாய்ப்புப் போய்ச் சேருகிறது என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மணியாச்சியில் விழுந்த கேள்வி

1911 ஜூன் 17. கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகும் வழியிலுள்ள மணியாச்சி ரயில் நிலையத்தில், கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றார். ஆஷ் ஒரு ஐ.சி.எஸ் அதிகாரி. அதாவது, உலகத்திலேயே கடினமான பரீட்சைகளில் ஒன்றை எழுதித் தேறி வந்தவர். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி-யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு என்ற ஆத்திரம் இந்த மண்ணில் இருந்தது.

அந்தக் கொலையைப் பற்றி இன்றும் பல கோணங்களில் விவாதிக்கிறார்கள். இங்கே அதில் ஒரு கேள்வி மட்டும் போதும். பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய அதிகாரி, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? ஆஷ் பதில் சொல்ல வேண்டியது லண்டனுக்கு. சீன மாண்டரின் பதில் சொல்ல வேண்டியது பேரரசருக்கு. இரண்டு இடத்திலும் ஊர் ஜனம் அந்தக் கணக்கில் இல்லை. பரீட்சை திறமையான ஆளைக் கண்டுபிடிக்கும். ஆனால், அந்த ஆள் யாருக்கு வேலை செய்ய வேண்டும் என்பதைப் பரீட்சை தீர்மானிக்காது.

தமிழ் மண்ணில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி 919, 921. முதலாம் பராந்தக சோழன் காலம். ஊர்ச்சபைக் குழுக்களுக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்தார்கள். நில உடைமை வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்த பிராமண சபை அது. ஆகவே, 'எல்லாருக்குமான ஜனநாயகம்' என்று கொண்டாட முடியாது. ஆனால் அதில் ஒரு விதி இன்றும் பொன் போன்றது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது!

பதவிக்கு வரும் வாசலைச் சீனா சரிசெய்தது. பதவியில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று உத்திரமேரூர் சொன்னது. ஒரு கிராமத்துக்கு இரண்டுமே வேண்டும்.

தோற்றவர்கள் கதை

பேரரசரின் பரீட்சைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேறியவர்கள் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். தோற்றவர்கள்?

1148, 1256-ம் வருஷத்துத் தேர்ச்சிப் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. தேறியவர்களில் பாதிக்கு மேல், முந்தைய மூன்று தலைமுறையில் அதிகாரியே இல்லாத குடும்பம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னால் வந்தவர்கள், 'பெரியப்பா, மாமா என்று சுற்றத்தைப் பார்த்தால் பெரிய வீடுகள்தான் அதிகம்' என்று திருத்தினார்கள். பெண்கள் எழுதவே முடியாது. நடிகர்கள், ஏவலர்கள் என்று 'தாழ்ந்தவர்'களாக முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களுக்கும் அனுமதி இல்லை. வயது வரம்பு இல்லாததால், பேரன் எடுத்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

பாடமும் காலப்போக்கில் இறுகிப்போனது. 'எட்டுக்கால் கட்டுரை' என்று ஒரு வடிவம். இத்தனை பகுதி, இன்ன வரிசை, இன்ன நடை. அதற்குள் எழுதினால்தான் மதிப்பெண். உலகம் நீராவிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, சீனாவின் கெட்டிக்கார இளைஞர்கள் இருபது, முப்பது வயது வரை அந்த எட்டுக்காலைப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஹொங் சியூசுவான் என்றொரு விவசாய வீட்டுப் பையன். குவாங்டொங் மாகாணம். ஊரே சேர்ந்து அவன்மேல் நம்பிக்கை வைத்தது. நான்கு முறை தேர்வெழுதி நான்கு முறையும் தோற்றான். மூன்றாவது தோல்விக்குப் பிறகு நோயில் விழுந்து, காய்ச்சல் மயக்கத்தில் தரிசனங்கள் கண்டான். பிறகு தன்னைக் கடவுளின் மகன் என்று அறிவித்துக்கொண்டு படை திரட்டினான். 1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கலகத்தில் இறந்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. வறுமை, பஞ்சம், இனப் பகை என்று அதற்குக் காரணங்கள் பல. என்றாலும், ஒரே ஒரு கதவை மட்டும் வைத்துவிட்டு, அதன்முன் லட்சக்கணக்கான இளைஞர்களை நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் காட்டும் பயங்கரமான சாட்சி அது.

1905-ல் சிங் அரசு தேர்வுமுறையையே ரத்து செய்தது. 1,300 வருஷத்துப் பழக்கம் ஒரே ஆணையில் முடிந்தது. புதிய பள்ளிகள் வரும் என்றார்கள். ஆனால், பேரரசரோடு படித்த குடும்பங்களைக் கட்டிவைத்திருந்த கயிறும் அதோடு அறுந்தது. மணியாச்சிச் சம்பவம் நடந்த அதே 1911-ல், அக்டோபர் 10 அன்று வூச்சாங் நகரில் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரி 12-ல் ஆறு வயதுப் பேரரசர் பூயீ பதவி துறந்தார். சீனாவில் பேரரசர்களின் காலம் முடிந்தது.

ஆனால் பரீட்சை முடியவில்லை. மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில் நின்றுபோன கல்லூரி நுழைவுத் தேர்வு 1977-ல் மீண்டும் தொடங்கியபோது 57 லட்சம் பேர் எழுத வந்தார்கள். இடம் கிடைத்தது மூன்று லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. 1994 முதல் அரசு வேலைக்கும் தேசிய அளவில் தேர்வு நடக்கிறது. அரசர் போனார், அரசவை போனது, சிற்றறைகளை இடித்தார்கள். பரீட்சை மட்டும் நின்றுவிட்டது, அங்கேயும் இங்கேயும்.

நம் வீட்டுக் கணக்கு

2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 18 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். அறிவிப்பின்போது இருந்த இடம் 7,301. பிறகு கூட்டிக் கூட்டிப் பத்தாயிரத்தைத் தாண்டியது. கூட்டிய பிறகும், எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வேலை இல்லை.

கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது என்பது உண்மை. கர்ணம் பதவிக்கு வாரிசாகப் பிறக்க வேண்டியதில்லை. வி.ஏ.ஓ தேர்வு 2018-ல் குரூப் 4-உடன் இணைந்த பிறகு, பத்தாம் வகுப்புத் தகுதிதான் கேட்கிறார்கள். 200 கேள்வியில் 100 தமிழில் இருந்து வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ல் சட்டமானது. பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு 1989 முதல் இருக்கிறது, அதை 40 ஆக்குவதாக 2021-ல் அரசு அறிவித்தது. கரிசல் காட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி ஊர்க் கணக்கை எழுதும் நாற்காலியில் உட்காருவது, சீனப் பேரரசர் கனவிலும் காணாத காட்சி.

ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அந்த நாற்காலி. மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கணக்கையும் வீட்டில் போட்டுவைக்க வேண்டும். நகையை அடகுவைத்து, ஆட்டுக்குட்டிகளை விற்று, பிள்ளையைப் பயிற்சி மையத்துக்கு அனுப்புகிற பெற்றோர் தவறு செய்யவில்லை. பரீட்சைக்குப் படிப்பது வீணும் இல்லை. ஆனால், 'இத்தனை முறை எழுதலாம், இத்தனை வருஷம் பார்க்கலாம், கூடவே இன்ன வேலை கற்றுக்கொள்ளலாம்' என்று முதல் நாளிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. பஞ்சாலையோ, சொந்தக் கடையோ, கடலைமிட்டாய்த் தொழிலோ, கம்பெனி வேலையோ, இரண்டாவது கதவு ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தோற்ற பிள்ளையை 'லாயக்கில்லாதவன்' என்று சொல்லும் முன், தேறியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தேறி வந்தவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அடங்கலில் நம் காட்டுப் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று விதைத்த மாதமே பார்த்துக்கொள்ளலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே கணக்கு வாசிப்பார்கள். போய் உட்கார்ந்து கேட்கலாம். பரம்பரைக் கர்ணத்திடம் கேட்கத் தயங்கிய கேள்வியைப் பரீட்சை எழுதி வந்தவரிடம் தயங்காமல் கேட்கலாம். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நீங்கள்தான், பேரரசர் இல்லை.